ஊதிக் காட்டிய எண்ணும் எழுதாமல் விட்ட வரியும்



இந்த மேடைக்கு வழக்கமாகச் சட்டம் படித்தவர்களைத்தான் அழைப்பார்கள். இந்த முறை அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் பிரேதப் பரிசோதனைக் கூடத்திலும் காலத்தைக் கழித்த ஒரு தடயவியல் மருத்துவனை அழைத்திருக்கிறீர்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்று சொல்வதற்கு நான் தேவையில்லை. அந்த வாசகத்தைப் பாட்டிலிலேயே அச்சிட்டுத்தான் அரசு விற்கிறது. நான் பேச வந்தது அதற்கடுத்த கட்டம் பற்றி. குடித்து ஓட்டியவரைப் பிடிப்பது எப்படி, பிடித்ததை மெய்ப்பிப்பது எப்படி, இவை இரண்டிலும் நாம் எங்கே கோட்டை விடுகிறோம் என்பது பற்றி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குற்றத்தைக் குறைக்க இரண்டு வேண்டும். எந்தத் தெருவிலும் எந்த நேரத்திலும் பிடிபடலாம் என்ற பயம் ஓட்டுபவருக்கு இருக்க வேண்டும். பிடித்த முறை சரியானதுதான் என்ற நம்பிக்கை நீதிமன்றத்துக்கும் ஊருக்கும் இருக்க வேண்டும். நாம் இரண்டையும் விட்டுவிட்டு அபராதத்தை மட்டும் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு முதலில் எழுதப்பட்டபோது மிகக் கறாராக இருந்தது. இரத்தத்தில் எவ்வளவு சிறிய அளவு மது இருந்தாலும் குற்றம் என்றது. 1994இல் அதைத் திருத்தி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம் என்று வரம்பு கட்டினார்கள். அதை மூச்சுப் பரிசோதனைக் கருவியால் கண்டறிய வேண்டும் என்றும் சேர்த்தார்கள். 2019 திருத்தத்தில் ஆய்வகப் பரிசோதனை உள்ளிட்ட வேறு சோதனைகளும் செல்லும் என்றாயிற்று. முதல் தடவைக்கு இரண்டாயிரமாக இருந்த அபராதம் பத்தாயிரமானது; ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அடுத்த தடவைக்குப் பதினைந்தாயிரமும் இரண்டு ஆண்டு வரை சிறையும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன. அதே மாதம், குடித்தவர் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருபவர் மீதும் உடந்தை என்று வழக்குப் போடப்படும் எனச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது.

சட்டத்தின் வாசகத்தைக் கவனியுங்கள். வரம்பு இரத்தத்துக்கு, கருவி அளப்பது மூச்சை. இங்கிலாந்தில் மூச்சுக்குத் தனி வரம்பு உண்டு: 100 மில்லி லிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம். நம் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. மூச்சில் கிடைத்ததை 2100 மடங்கு என்ற விகிதத்தில் பெருக்கி, இரத்தத்தில் இவ்வளவு இருக்கும் என்று கருவி ஓர் எண்ணைத் திரையில் காட்டுகிறது. அந்த 2100 ஒரு சராசரி. ஆளுக்கு ஆள், உடல் வெப்பத்துக்குத் தகுந்தபடி, குடித்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைப் பொறுத்து அது மாறும். எண் 120 என்று காட்டினால் இந்த வேறுபாட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 33 என்று காட்டும்போதுதான் சிக்கல்.

முப்பது மில்லிகிராம் என்றால் எவ்வளவு குடி? நம்மூர்க் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் மது 42.8 விழுக்காடு. எடைக்கு மாற்றினால் ஏறத்தாழ 61 கிராம் எத்தில் ஆல்கஹால். ஸ்வீடன் நாட்டு அறிஞர் எரிக் விட்மார்க் வகுத்த சூத்திரம் இன்றும் எங்கள் துறையில் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி அறுபது கிலோ எடையுள்ள ஆண் அந்தக் குவார்ட்டரை ஒரே மூச்சில் முடித்தால் இரத்தத்தில் 150 மில்லிகிராம் வரை போகும். சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் சற்றுக் குறையலாம். ஆக, வரம்பைப்போல் ஐந்து மடங்கு. உடல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் எரிக்கும். மோர் குடித்தாலும் எலுமிச்சை பிழிந்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் இந்த வேகம் கூடாது. 150இலிருந்து 30க்கு இறங்க எட்டு மணி நேரம். இரவு பத்து மணிக்குக் கடை மூடும் நேரத்தில் குடித்தவர், காலை ஐந்து மணிக்குப் பால் வண்டியையோ வேனையோ எடுத்தால், தூங்கி எழுந்து பல் துலக்கி விபூதி பூசியிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் குடித்து ஓட்டுபவர்தான். காலை ஐந்து மணிக்கு ஊதச் சொல்லும் போலீஸ்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இனி அந்தக் கருவி. ஆவியாகும் பொருள் ஒரு திரவத்தில் கரைந்திருந்தால் அதன் மேலுள்ள காற்றிலும் குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கும். ரசப் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் உள்ளே என்ன என்று மூக்குக்குத் தெரிவதுபோல. நுரையீரலின் ஆழத்தில் இரத்தமும் காற்றும் உரசும் இடத்திலிருந்து வரும் கடைசி மூச்சுதான் நமக்கு வேண்டும். “இன்னும் ஊது, நிறுத்தாம ஊது” என்று போக்குவரத்துக் காவலர் விரட்டுவது அதற்காகத்தான். 1930களில் அமெரிக்காவின் இண்டியானாவில் ரோலா ஹார்கர் என்ற பேராசிரியர் பலூனில் மூச்சைப் பிடித்து, பெர்மாங்கனேட் கரைசலின் நிறம் மாறுவதை வைத்து அளந்தார். 1954இல் அதே மாநிலத்துக் காவல்துறையைச் சேர்ந்த ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் டைக்ரோமேட் கரைசலைப் பயன்படுத்திக் கையோடு எடுத்துப்போகும் கருவி ஒன்றைச் செய்தார். இன்று நம் சாலைகளில் இருப்பவை பெரும்பாலும் மின்வேதிக் கலம் கொண்டவை. பிளாட்டினம் பூசிய தகட்டில் ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம் அடையும்போது சிறு மின்னோட்டம் பிறக்கிறது; அதுதான் திரையில் எண்ணாக வருகிறது.

இது நல்ல கருவி. ஆனால் வாயில் இருக்கும் மதுவையும் நுரையீரலிலிருந்து வரும் மதுவையும் பிரித்தறிய அதற்கு உதவி வேண்டும். 2025இல் கேரளத்துப் பந்தளம் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் நடந்ததைப் பலரும் படித்திருப்பீர்கள். பணிக்கு வந்த ஓட்டுநர் ஊதினார். கருவி 10 என்றது. சொட்டுக்கூடக் குடிக்கவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். விசாரித்தால், யாரோ கொண்டுவந்த தேன்வரிக்கைப் பலாச்சுளையைத் தின்றிருக்கிறார். குடிக்காதவர் என்று கருவியே சான்று தந்த இன்னொருவருக்குச் சுளையைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். அவருக்கும் எண் ஏறியது. நன்கு பழுத்த பலா தானே புளித்து வாயில் சிறிது மதுவை விட்டுச் செல்கிறது. அரிஷ்டம், ஹோமியோபதிச் சொட்டு மருந்து, வாய் கொப்பளிக்கும் மருந்து எல்லாம் அப்படித்தான். பதினைந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொன்னால் வாயிலிருந்தது போய்விடும், இரத்தத்தில் இருந்தால் அது அப்படியே நிற்கும். தீர்வு இவ்வளவு எளிது. இரவு பதினொரு மணிக்குப் பின்னால் முப்பது வண்டி வரிசை கட்டி நிற்க, எந்த உதவி ஆய்வாளர் பதினைந்து நிமிடம் காத்திருப்பார்?

அதே 2025இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், ஊதச் சொல்லும் முன் கருவியை வெறும் காற்றில் சோதித்து அது பூஜ்யம் காட்டியிருக்க வேண்டும் என்று சொல்லி, அப்படிக் காட்டாத கருவியின் அடிப்படையில் போடப்பட்ட குற்றச்சாட்டைத் தள்ளியது. இதைத் தொழில்நுட்பச் சாக்கு என்று சில காவல் அதிகாரிகள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தராசுத் தட்டில் ஒன்றும் வைக்காதபோது முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே காய்கறிகூட வாங்குகிறோம்.

இப்போது சாலைக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 203ஆம் பிரிவின்படி, ஓட்டுபவர் குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால்தான் சீருடையிலிருக்கும் காவலர் ஊதச் சொல்லலாம். நடைமுறையில் தடுப்புப் பலகை வைத்து வருகிற எல்லாரையும் நிறுத்துகிறோம். பேச்சுக் கொடுத்து, வாசனை பார்த்து, பிறகு ஊதச் சொல்வது சட்டத்தோடு ஓரளவு ஒத்துப்போகும். கருவியை நீட்டியதும் ஊது என்பது ஒத்துப்போகாது. இன்னொரு சங்கடம், தடுப்புப் பலகை எங்கே இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். அதே பாலம், அதே சிக்னல், அதே பத்திலிருந்து ஒரு மணி. குடிப்பவர்கள் அதற்குத் தக்கபடி சந்து வழி வைத்திருக்கிறார்கள். நண்பர் குழு வாட்ஸ்ஆப்பில் உடனுக்குடன் செய்தி வந்துவிடுகிறது. மாதக் கடைசியில் வழக்கு எண்ணிக்கைக்காகப் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வேறு. அது உண்மையோ பொய்யோ, அப்படி ஒரு பேச்சு இருப்பதே நம்பிக்கையைக் கெடுக்கிறது.

பிரிட்டனின் அனுபவம் இங்கே நமக்கு உதவும். 1967இல் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில், தானே கார் ஓட்டாதவர், 80 மில்லிகிராம் வரம்பையும் மூச்சுப் பரிசோதனையையும் கொண்டுவந்தார். மதுவிடுதிக்காரர்கள் கொதித்தார்கள். முதல் ஆண்டில் சாலை இறப்புகள் ஆயிரத்துக்கும் மேல் குறைந்தன. பிறகு என்ன ஆயிற்று என்பதை ஹெச். லாரன்ஸ் ராஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஆராய்ந்தார். சட்டம் வந்த பரபரப்பில் எல்லாரும் பிடிபடுவோம் என்று நம்பினார்கள். போகப் போக, நிறுத்திச் சோதிப்பது அபூர்வம் என்று தெரிந்ததும் பழைய பழக்கம் திரும்பியது. சட்டமும் தண்டனையும் மாறவில்லை. பயம் மட்டும் கரைந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பர் 17 முதல் வேறு வழியில் போனது. எந்தச் சந்தேகமும் இல்லாமலே, எந்த ஓட்டுநரையும், எந்தச் சாலையிலும் நிறுத்திச் சோதிக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டு, அதைப் பெருமளவில் செய்தார்கள், செய்வதை விளம்பரமும் செய்தார்கள். இறப்புகள் சரிந்தன, சரிந்தது நிலைத்தது. நமக்கு இந்த இரண்டாவது வழிதான் வேண்டும் என்பது என் கருத்து. அதைச் சட்டத்தை வளைத்துச் செய்யாமல் திருத்திச் செய்ய வேண்டும். சந்தேகம் தேவையில்லை என்று எழுதுகிற அதே திருத்தத்தில் வெறுங்காற்றுச் சோதனை, பதினைந்து நிமிட இடைவெளி, இரண்டாவது மூச்சு, அச்சிட்ட சீட்டு, கருவியைச் சரிபார்த்த தேதி ஆகியவற்றையும் கட்டாயமாக்க வேண்டும்.

வண்டியைப் பிடித்து வைப்பது பற்றி ஒரு வார்த்தை. 2021இல் தெலங்கானா உயர் நீதிமன்றம், குடித்து ஓட்டியதற்காக மட்டும் வண்டியைப் பறிமுதல் செய்யக் கூடாது, கூட வந்தவரோ அழைத்து வரப்பட்டவரோ குடிக்காமலும் உரிமத்தோடும் இருந்தால் அவரிடம் கொடுத்தனுப்புங்கள் என்றது. சரியான தீர்ப்பு. மறுநாள் வண்டியை எடுக்கப் போகிறவன் செய்யும் அலைச்சலைத்தான் தண்டனை என்று நம் மக்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாலையில் சும்மா நிறுத்திப் பிடிபட்டவரின் கதை இது. விபத்து நடந்த பிறகு கதை மருத்துவமனைக்கு வந்துவிடுகிறது. அங்கேதான் எனக்குப் பழக்கம்.

185இன் கீழ் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்கிறது 202ஆம் பிரிவு. இந்த இரண்டு மணி நேரத்தை நான் மதிக்கிறேன். மணிக்கு 15 மில்லிகிராம் எரிகிறது என்றேன் அல்லவா? மோதும்போது 70 இருந்தவரை மூன்று மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தால் 25 தான் கிடைக்கும். சட்டப்படி அவர் தப்பிவிட்டார். விபத்தில் அடிபட்டவர் தாலுகா மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்கு வருவதற்குள் எவ்வளவு நேரம் போகும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

இரத்தம் எடுப்பதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. ஊசி போடுமிடத்தை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்கக் கூடாது. அந்த ஸ்பிரிட்டே சாட்சியத்தைக் கெடுத்துவிடும். சோப்பும் தண்ணீரும் போதும். குப்பியில் சோடியம் புளோரைடு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், கிருமிகள் இருக்கிற மதுவைத் தின்னவும் செய்யும், இல்லாத மதுவைப் புதிதாகக் காய்ச்சவும் செய்யும். பிறகு மூடி, அரக்கு, முத்திரை, பெயர், நேரம், யார் யாரிடம் கொடுத்தார் என்ற பதிவு. இவ்வளவும் சரியாக இருந்து மயிலாப்பூரிலுள்ள தடய அறிவியல் துறை ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே வாயு நிறப்பகுப்பில் துல்லியமான எண் வரும். 1849இல் மதராசில் இந்தியாவிலேயே முதன்முதலாக அமைந்த இரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்தின் வழித்தோன்றல் அது. ஆய்வகத்தில் குறையில்லை. குப்பி அங்கே போகும்வரை குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே கிடந்த நாட்களில்தான் குறை.

இரத்தம் எடுக்காத இடத்தில் என்ன நடக்கிறது? காவலர் மெமோவோடு ஆளைக் கொண்டுவருவார். பணியிலிருக்கும் மருத்துவர் வாயை முகர்ந்து, கண்மணியைப் பார்த்து, நடக்கச் சொல்லி, பேசச் சொல்லி, மூன்றில் ஒன்றை எழுதுவார்: மது அருந்தவில்லை; மது அருந்தியிருக்கிறார், ஆனால் அதன் ஆளுகையில் இல்லை; மது அருந்தி அதன் ஆளுகையில் இருக்கிறார். இந்த நடுவிலுள்ள வாக்கியத்தைப்போல் எல்லாருக்கும் வசதியான வாக்கியம் மருத்துவத் துறையில் வேறில்லை. போலீஸுக்கு வழக்கு கிடைக்கிறது, வக்கீலுக்கு விடுதலை கிடைக்கிறது, மருத்துவருக்கு நீதிமன்ற அலைச்சல் குறைகிறது.

1971இல் பச்சுபாய் ஹசனல்லி கார்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம், வாயில் மது வாசனை, தள்ளாட்டம், குளறும் பேச்சு, விரிந்த கண்மணி ஆகியவை மட்டுமே ஒருவர் மது அருந்தியிருந்தார் என்று மெய்ப்பிக்கப் போதாது என்றது. சரி. அரை நூற்றாண்டு கழித்து 2021இல் பேர்ல் பீவரேஜஸ் வழக்கில் அதே நீதிமன்றம் வேறொரு கேள்விக்குப் பதில் சொன்னது. தில்லி இந்தியா கேட் அருகே 2007இல் நொறுங்கிய போர்ஷே கார் பற்றிய வழக்கு அது. ஓட்டியவருக்கு மூச்சுப் பரிசோதனையும் இல்லை, இரத்தப் பரிசோதனையும் இல்லை. மருத்துவ அறிக்கையில் மது வாசனை என்ற குறிப்பு இருந்தது. காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று. பரிசோதனை இல்லாததாலேயே காப்பீட்டு நிறுவனத்தின் கை கட்டப்பட்டுவிடாது, குடித்து ஓட்டியதைச் சூழ்நிலைகளிலிருந்து நிறுவலாம் என்றது நீதிமன்றம். குற்ற வழக்குக்கும் உரிமையியல் வழக்குக்கும் மெய்ப்பிக்கும் சுமை வேறு வேறு என்பது வழக்கறிஞர்களான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவசரச் சிகிச்சைப் பிரிவில் அதன் விளைவைப் பாருங்கள். ‘வாசனை’ என்ற ஒரு சொல் குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாது; அவன் குடும்பத்துக்கு வரவேண்டிய பணத்தை மட்டும் நிறுத்தும்.

இது ஊருக்குத் தெரியும். வார்டு வாசலில் நிற்கும் மைத்துனர் முதலில் கேட்பது உயிர் பிழைக்குமா என்று. இரண்டாவதாக, தோளைத் தொட்டுத் தனியே கூப்பிட்டு, “ஐயா, ஏ.ஆர். காப்பியில அத மட்டும் எழுதிராதீங்க, பொண்டாட்டி புள்ளக்குட்டி இருக்கு” என்பார். செத்தவர் பேரில் தவறே இல்லாத விபத்தானாலும், எதிரே வந்த லாரிதான் ஏறியது என்றாலும், ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் வாசனை என்று இருந்துவிட்டால் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்; தொகையில் ஒரு பங்கு போய்விடும். விசாரணை அதிகாரிக்கும் இது தெரியும். அவரும் மனிதர்தான். ஆகவே அந்த வரி எழுதப்படுவதில்லை. எழுதாமல் விட்டவர்களை நான் பழிக்க வரவில்லை. நம் ஏற்பாடே அதை எழுதாமல் விடச் சொல்லித் தூண்டுகிறது.

இந்த வெளிச்சத்தில் அரசின் புள்ளிவிவரத்தைப் படியுங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி அந்த ஆண்டு நாட்டில் 4,61,312 விபத்துகள். 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. நாடு முழுவதும் மதுவோ போதைப்பொருளோ காரணம் என்று எழுதப்பட்ட இறப்புகள் ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு. வேகம்தான் மீதியில் பெரும்பகுதியைச் சுமக்கிறது. வேகமாகப் போனவர் ஏன் வேகமாகப் போனார் என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. சனி இரவுக்குப் பிந்தைய ஞாயிறு காலைகளில் பிரேதப் பரிசோதனை மேசைக்கு வரும் இளைஞர்களின் இரைப்பையைத் திறந்து பார்த்த எந்த மருத்துவரையும் கேளுங்கள், இரண்டரை விழுக்காடு என்றால் சிரித்துவிடுவார். ஆனால் இரைப்பையிலிருந்து எழும் அந்த வாசனையும் ஓர் எண் ஆகாது.

எண்ணாக்க வழி இருக்கிறது. இறந்த உடலில் இரத்தத்தை நம்ப முடியாது. நம் வெயிலில் உடல் அழுகத் தொடங்கியதும் கிருமிகள் தாமே மதுவை உண்டாக்கிவிடும். கண்விழியின் உள்ளே இருக்கும் கூழ் போன்ற திரவம் அப்படிக் கெடுவதற்கு வெகு நேரமாகும். மெல்லிய ஊசியால் விழியின் ஓரத்தில் இரண்டு மில்லி எடுத்து, எடுத்த அளவுக்கு உப்புநீரைச் செலுத்திவிட்டால் முகமும் சிதையாது, குடும்பத்தாருக்கும் வித்தியாசம் தெரியாது. விபத்தில் இறந்த ஒவ்வொரு ஓட்டுநருக்கும் இதைச் செய்ய வேண்டும். முடிவை விபத்து எண்ணோடு மட்டும் சேர்த்து, பெயரில்லாமல், வழக்குக் கோப்புக்கும் காப்பீட்டுக்கும் போகாதபடி தனிப் பதிவேட்டில் வைக்க வேண்டும். அப்படிச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தால் மைத்துனர் தோளைத் தொட வேண்டியதில்லை. மருத்துவரும் நடு வாக்கியத்தைத் தேட வேண்டியதில்லை. இதற்கான விதியை வரைவது மருத்துவர்களால் ஆகாது. இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களால் ஆகும். அந்தப் பதிவேடு ஓராண்டாவது நிரம்பும்வரை, நம் நாட்டில் குடித்து ஓட்டிச் சாவது இரண்டரை விழுக்காடுதான் என்று கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டுவதையாவது நிறுத்திக்கொள்ளலாம்.